உள்ளேன் ஐயா!

பிள்ளைகள் பள்ளிக்கு வராத நாட்கள்: விதிகள் சொல்வதும் வீடுகள் சொல்லாததும்

போன வருடம் என் மகன் ஆறாம் வகுப்பு. புதன்கிழமை காலை ஏழரை மணி ஆனால் அவனுக்கு வயிறு வலிக்கும். முதல் வாரம் ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தேன். அடுத்த வாரம் டாக்டரிடம் அழைத்துப் போனேன். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “பூச்சி மாத்திரை கொடுத்து ஆறு மாசம் ஆச்சா?” என்று கேட்டார். ஐந்தாவது வாரம் எனக்குக் கோபம் வந்தது. பத்து மணிக்கு மேல் வலி போய்விடும். பதினொரு மணிக்குப் பசிக்கும்.

அன்று இரவு லீவ் லெட்டர் எழுத உட்கார்ந்தான். ‘எனக்கு உடல்நிலை சரியில்லாத காரணத்தால்...’ என்று நான் சொல்வதற்கு முன்பே பேனா ஓடியது. அந்த வேகத்தைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. அடுக்களையில் பால் கணக்குக்குப் புள்ளி வைக்கும் மாதக் காலண்டரை எடுத்து, அவன் லீவு போட்ட நாட்களுக்கு வட்டம் போட்டேன். ஏழு வட்டம். அதில் ஐந்து புதன்கிழமை. ஸ்கூல் டைரியிலிருந்த டைம்டேபிளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதன் முதல் பீரியட் கணக்கு, வாரத் தேர்வு.

அதற்கு முந்தைய ஆகஸ்ட்டில் அவனுக்கு மஞ்சள் காமாலை. மூன்று வாரம் பள்ளிக்குப் போகவில்லை. வகுப்பில் பின்னங்கள் நடத்தியது அந்த நாட்களில்தான். திரும்பிப் போனதும், “பக்கத்துப் பையன்கிட்ட நோட்டு வாங்கி எல்லாத்தையும் எழுதிடு” என்று சொன்னேன். எழுதினான். பிழையில்லாமல், அழகாக எழுதியிருந்தான். அதில் ஒரு கணக்குகூட அவனுக்குப் புரிந்திருக்கவில்லை. பின்னம் புரியாததால் அடுத்த பாடமும் புரியவில்லை. புதன்கிழமைத் தேர்வு பயமாக மாறியது. பயம் வயிற்றுக்கு வந்தது.

காமாலையால் வந்த லீவு, காரணம் சொல்ல முடியாத ஐந்து லீவுகளைப் பெற்றுப் போட்டது. இந்தக் கட்டுரை எழுதத் தொடங்கியது அந்தக் காலண்டரைப் பார்த்த இரவில்தான்.

மாதம் ரெண்டே நாள்தானே?

‘மாசத்துக்கு ரெண்டு நாள் லீவு போட்டா என்ன ஆயிடப் போகுது?’ என்று கேட்காத வீடு உண்டா? ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி, ஒரு கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை குறைந்தது 200 வேலை நாட்கள். ஆறிலிருந்து எட்டு வரை 220 நாட்கள். மாதம் இரண்டு நாள் என்றால், பத்து மாதத்தில் 20 நாள். 200 நாளில் 20 நாள் என்பது பத்தில் ஒரு பங்கு. அதே பழக்கம் பிளஸ் டூ வரை தொடர்ந்தால் பன்னிரண்டு வருடத்தில் 240 நாட்கள். அதாவது ஒரு முழு வகுப்பையே அந்தப் பிள்ளை படிக்கவில்லை. எந்த வகுப்பு என்றுதான் யாருக்கும் தெரியாது.

‘75 சதவிகிதம் இருந்தால் போதும்’ என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் கணக்கையும் பார்த்துவிடலாம். 220 நாளில் 25 சதவிகிதம் என்பது 55 நாட்கள். வாரத்துக்கு ஐந்து நாள் பள்ளி என்றால், முழுதாகப் பதினோரு வாரம். வேலைக்குப் போகும் நாம் யாராவது வருடத்தில் பதினோரு வாரம் காணாமல் போய்விட்டு, ‘எல்லாம் சரியாத்தான் இருக்கு’ என்று சொல்வோமா? 75 என்பது தேர்வு எழுத அனுமதிக்கும் கடைசிக் கோடு. படிப்புக்குப் போதுமான அளவு என்று அதற்குப் பொருள் கிடையாது.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாய இலவசக் கல்வியை உரிமையாக்கியது. வருகை பற்றிப் பெற்றோர் அதில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது சட்டம். ஆசிரியர்களுக்கும் கடமை வகுத்திருக்கிறது: அவர்கள் நேரம் தவறாமல், ஒழுங்காகப் பள்ளிக்கு வர வேண்டும், பெற்றோரைத் தவறாமல் சந்தித்து, பிள்ளையின் வருகை எப்படி இருக்கிறது, எவ்வளவு கற்றிருக்கிறது என்று எடுத்துச் சொல்ல வேண்டும். ஆகவே, ‘என் பொண்ணு இந்த மாசம் எத்தனை நாள் வந்திருக்கா டீச்சர்?’ என்று கேட்க நமக்கு முழு உரிமை இருக்கிறது.

எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது. லீவு போட்டதற்காகவும், தாமதமாக வந்ததற்காகவும் அடிப்பதும், மனம் நோகும்படி அவமானப்படுத்துவதும் கூடாது. அது சட்டப்படியே தடை செய்யப்பட்டது. ஊர் மாறிப் போனால், மாற்றுச் சான்றிதழ் வர தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்றும், சேர்க்கைத் தேதி முடிந்துவிட்டது என்றும் திருப்பி அனுப்பக் கூடாது.

ஒன்பதாம் வகுப்பு தொடங்கும்போது இந்தக் குடை மடங்கிவிடுகிறது. பிள்ளைகள் நழுவிப்போகும் இடமும் அதுதான்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத 75 சதவிகித வருகை கட்டாயம். தீவிர நோய், தேசிய அளவிலான விளையாட்டுப் போட்டி, தவிர்க்க முடியாத குடும்பச் சூழல் போன்றவற்றுக்கு உரிய சான்றுகளுடன் விண்ணப்பித்தால் சலுகை உண்டு. சான்று என்பது லீவு எடுத்த சமயத்திலேயே கொடுத்ததாக இருக்க வேண்டும். தேர்வு நெருங்கும்போது பழைய தேதியில் மெடிக்கல் சர்டிஃபிகேட் தேடி ஓடினால், அங்கே தொடங்கும் சிக்கல். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ அக மதிப்பீட்டு மதிப்பெண்ணிலும் வருகைக்கு ஒரு பங்கு இருக்கிறது.

நீட், ஜே.இ.இ. கோச்சிங்குக்காக, பெயரைப் பள்ளியில் வைத்துவிட்டு ஆளைக் கோச்சிங் சென்டருக்கு அனுப்பும் ‘டம்மி ஸ்கூல்’ பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2024 நவம்பரில் டெல்லியிலும் ராஜஸ்தானிலுமாக 21 பள்ளிகளின் இணைப்பை சி.பி.எஸ்.இ. ரத்து செய்தது. பள்ளிக்கு வராத மாணவர்களை ரிஜிஸ்டரில் வைத்திருந்ததுதான் குற்றச்சாட்டு. பணம் கட்டிப் பொய் வருகை வாங்கித் தரும் பெற்றோர் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் என்ன என்பதை அவர்களே யோசிக்கட்டும்.

சோறு போட்டு அழைத்த மாநிலம்

இங்கிலாந்தில், பள்ளி நாளில் அனுமதியில்லாமல் பிள்ளையைச் சுற்றுலா அழைத்துப் போனால் பெற்றோருக்கு அபராதம். 2024 ஆகஸ்ட் முதல் அது 80 பவுண்டு. 21 நாளுக்குள் கட்டாவிட்டால் இரட்டிப்பு. தமிழ்நாடு வேறு வழியில் போனது. ‘பிள்ளை ஏன் வரவில்லை?’ என்று கேட்டது, ‘பசி’ என்று பதில் வந்தது, சோறு போட்டது.

1920-ல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு கொடுத்தது. 1950-களில் காமராஜர் அதை மாநிலத்துக்கு எடுத்துச் சென்றார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. தூரம் என்றவர்களுக்கு பஸ் பாஸும் சைக்கிளும் வந்தன. மாதவிலக்கு நாட்களில் வீட்டிலேயே இருந்துவிடும் பெண் பிள்ளைகளுக்காக ‘புதுயுகம்’ திட்டத்தில் இலவச நாப்கின் வந்தது.

இந்த நூறு வருடத்தில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. பிள்ளை வராததற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்கப்பட்ட போதெல்லாம் ஒரு திட்டம் பிறந்திருக்கிறது. அரசாங்கம் மாநிலத்துக்குச் செய்ததை, ஒவ்வொரு வீடும் தன் பிள்ளைக்குச் செய்ய வேண்டியிருக்கிறது. முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

காய்ச்சல் என்று எழுதப்படும் காரணங்கள்

எந்தப் பள்ளியிலும் லீவ் லெட்டர் கட்டைப் பிரித்துப் பாருங்கள். பாதிக்குமேல் காய்ச்சல், தலைவலி, வயிற்று வலி. உண்மையான காரணங்கள் அந்தக் கட்டுக்குள் இருப்பதில்லை.

*உண்மையான நோய்:* அம்மை போட்டிருந்தால் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குக் கட்டும்வரை அனுப்பக் கூடாது. நம் வீடுகளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியே விடாத வழக்கமும் ஏறக்குறைய இதையே செய்கிறது. மெட்ராஸ் ஐ வந்தால் கண் தெளியும்வரை வீட்டில் இருக்கட்டும். காய்ச்சல் என்றால், மருந்து கொடுக்காமலே ஒரு முழு நாள் உடம்பு சுடாமல் இருந்த பிறகு அனுப்பலாம். காலையில் பாராசிட்டமால் சிரப் கொடுத்து அனுப்பிவிட்டு, பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வரும்போது தவிப்பது பிள்ளைக்கும் கொடுமை, பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கும் கொடுமை. லேசான சளிக்கும், தலையில் பேன் இருப்பதற்கும் லீவு தேவையில்லை.

*விசேஷம்:* குலதெய்வம் கோயில், காதுகுத்து, சித்தப்பா கல்யாணம், ஊர்த் திருவிழா. போகத்தான் வேண்டும்; சொந்தபந்தம் தெரியாமல் பிள்ளை வளரவும் கூடாது. ஆனால் முகூர்த்தம் ஒரு நாள் என்றால் லீவும் ஒரு நாளாக இருக்கட்டும். முக்கியமாக, லெட்டரில் ‘கல்யாணத்துக்குப் போகிறோம்’ என்றே எழுதுங்கள். கல்யாணத்துக்குப் போய்விட்டு ‘காய்ச்சல்’ என்று பிள்ளையை எழுத வைக்கும்போது, பள்ளிக்குப் பொய் சொல்லலாம் என்று நாமே அனுமதி கொடுக்கிறோம். நாளைக்கு அதே பொய்யை அவன் நம்மிடம் சொல்வான்.

*பயம்:* வீட்டுப்பாடம் எழுதவில்லை, வாசிக்கச் சொன்னால் திக்குகிறது, பின் பெஞ்சில் ஒருவன் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், ஆட்டோக்காரர் தொடுவது பிடிக்கவில்லை, கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை. இவற்றில் எதையும் பிள்ளை நேரடியாகச் சொல்லாது. வயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்லும். அந்த வலி நடிப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. பயந்த உடம்புக்கு நிஜமாகவே வலிக்கும். அடித்து இழுத்துப் போனால் பிள்ளை பள்ளிக்குப் போய்விடும். பயமும் கூடவே போகும்.

*பெண் பிள்ளை:* வயதுக்கு வந்த பெண்ணை ஒன்பது நாள், பதினொரு நாள், பதினாறு நாள் என்று ஊருக்கொரு கணக்கில் உட்கார வைக்கிறோம். பிறகு சீர், மண்டபம், போட்டோ. திரும்பி வரும்போது வகுப்பு இரண்டு பாடம் தாண்டியிருக்கும். சடங்கை விடுமுறையில் வைத்துக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை. தம்பிப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று முதலில் நிறுத்தப்படுவதும் அவள்தான். ஒன்பது, பத்தாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை காரணம் சொல்லாமல் வாரக்கணக்கில் வராவிட்டால், வீட்டில் மாப்பிள்ளை பேச்சு நடக்கிறதா என்று அக்கம்பக்கம் விசாரிக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 1098 என்ற எண்ணை அழைத்தால் நிறுத்த முடியும்.

*பிழைப்பு:* கரும்பு வெட்டவும், செங்கல் சூளைக்கும் மாதக்கணக்கில் குடும்பத்தோடு கிளம்பும் வீடுகளில் பிள்ளையை எங்கே விட்டுப் போவது? அவர்களுக்கு யாரும் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. போகிற ஊரில் இருக்கும் அரசுப் பள்ளி, பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். திருவள்ளூர் மாவட்டச் சூளைகளுக்கு வரும் ஒடிசா குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலேயே பாடம் நடத்தும் முயற்சிகூட நடந்திருக்கிறது. 14 வயதுக்குக் கீழ் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்பது சட்டம். குடும்பத் தொழிலில் கைகொடுப்பதுகூடப் பள்ளி நேரத்துக்குப் பிறகுதான்.

காலி பெஞ்சுகளின் காலை

2023 மார்ச் 13. பிளஸ் டூ பொதுத்தேர்வின் முதல் நாள், தமிழ்த் தாள். அன்று 50,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தேர்வு எழுத வரவில்லை என்ற செய்தி வந்தபோது மாநிலமே திடுக்கிட்டது. தாய்மொழித் தேர்வுக்கே இத்தனை பேர் வரவில்லையா என்று விவாதம் நடந்தது. அவர்களில் பலர் பல மாதங்களுக்கு முன்பே பள்ளிக்கு வருவதை நிறுத்தியவர்கள் என்பது பிறகுதான் பேசப்பட்டது.

தேர்வு நாளில் 50,000 பேர் திடீரென்று காணாமல் போய்விடவில்லை. கொரோனாவில் பள்ளி மூடியபோது மொபைல் கடைக்கும் பனியன் கம்பெனிக்கும் வேலைக்குப் போய்ச் சம்பளம் பார்த்த பையனுக்கு, திரும்பி வந்து பெஞ்சில் உட்கார முடியவில்லை. முதலில் வாரத்துக்கு ஒரு நாள் லீவு. பிறகு மூன்று நாள். பிறகு ரிஜிஸ்டரில் பெயர் மட்டும். ஒவ்வொரு நாளும் வகுப்பில் அந்தப் பெயர் வாசிக்கப்பட்டிருக்கும், பதில் வந்திருக்காது. இன்று ஆசிரியர்கள் செல்போன் செயலியில் தினமும் வருகையைப் பதிவு செய்கிறார்கள். எந்தப் பிள்ளை வரவில்லை என்பது காலை பத்து மணிக்கே கணினிக்குத் தெரிந்துவிடும். ஏன் வரவில்லை என்பதை மட்டும் ஒரு மனிதர் போய்த்தான் கேட்க வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியவை

• லீவு என்றால் பள்ளி தொடங்குவதற்கு முன்பே வகுப்பாசிரியருக்குச் சொல்லிவிடுங்கள். நீங்கள் அனுப்பியதாக நினைத்த பிள்ளை பள்ளிக்கு வந்து சேரவில்லை என்றால், ‘லீவு சொல்லவில்லையே’ என்று ஆசிரியர் உடனே உங்களைக் கேட்க இந்தப் பழக்கம் வழி செய்யும்.

• திரும்பிப் போகும் நாளில் உண்மைக் காரணத்துடன் லெட்டர் கொடுங்கள். பல நாள் நோய் என்றால் மருத்துவச் சான்றையும் அப்போதே கொடுத்து, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

• லீவு நாட்களுக்குக் காலண்டரில் வட்டம் போடுங்கள். மாதக் கடைசியில் கிழமையைப் பாருங்கள், டைம்டேபிளையும் பாருங்கள்.

• நோட்டை எழுதி முடிப்பது பாடத்தைக் கற்பதாகாது. ‘இந்த நாட்களில் என்ன நடத்தினீங்க, எதைக் கண்டிப்பாகத் தெரிஞ்சுக்கணும்?’ என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

• பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடித்தால், காலைப் பரபரப்பில் விசாரிக்காதீர்கள். ராத்திரி விளக்கணைத்த பிறகு, பக்கத்தில் படுத்துக்கொண்டு கேளுங்கள். இருட்டில் பிள்ளைகள் பேசும்.

• பள்ளியில் பேசியும் தீராத பிரச்னைக்கு, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

• கடுமையான மாற்றுத்திறன் காரணமாகப் பள்ளிக்கு வர இயலாத பிள்ளைக்கு, வீட்டிலேயே கல்வி பெறும் உரிமை இருக்கிறது. வட்டார வள மையத்தில் கேளுங்கள்.

இன்னொரு முக்கால் பங்கு

கல்வி உரிமைச் சட்டத்தில் இன்னொரு 75 சதவிகிதம் இருக்கிறது. அது நமக்கானது. அரசுப் பள்ளிகளின் பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கு உறுப்பினர்கள் பெற்றோராக இருக்க வேண்டும்; மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடுவதும், வராத பிள்ளையின் வீட்டுக்கு நாலு பேராகப் போய்ப் பேசுவதும் அந்தக் குழுவால் முடிகிற காரியங்கள். பிள்ளைக்கு 75 கேட்கும் நாம், குழுக் கூட்டத்துக்கு எத்தனை முறை போயிருக்கிறோம்? கையெழுத்துப் போட மட்டும் போனதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பள்ளிக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வரும் பிள்ளையை வகுப்பு முன்னால் நிற்க வைத்து, ‘எங்கடா போயிருந்த?’ என்று கேட்காதீர்கள். ‘வந்துட்டியா, உட்காரு’ என்று சொல்லுங்கள். காரணத்தைப் பிறகு, தனியாகக் கேட்கலாம். பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கு அநேகமாக அது தெரிந்தேயிருக்கும்.

என் மகனின் கணக்கு ஆசிரியையிடம் காலண்டரையும் டைம்டேபிளையும் எடுத்துக்கொண்டு போனேன். கொஞ்ச நேரம் அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவன் புதன்கிழமை வர்றதில்லைனு எனக்கே தோணலையேம்மா” என்றார். பள்ளி விட்ட பிறகு தினமும் இருபது நிமிடம் உட்கார வைத்து, பின்னத்தை முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தார். மூன்று வாரம் ஆனது.

நாலாவது வாரம் புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு நான்தான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஜாமெட்ரி பாக்ஸில் அழிரப்பரைக் காணோம் என்று வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தான். கிடைத்ததும் ஓடினான். சாப்பாட்டுப் பை மேஜை மேலேயே இருந்தது.

மதியம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவன் வகுப்பில் மதிய வருகைப் பதிவு நடந்துகொண்டிருந்தது. வராந்தாவில் நின்று கேட்டேன். அவன் பெயர் வந்தது. அவன் குரலும் வந்தது.